பூட்டிய மாடியும் அமானிதமே

அழிந்தொழிந்த ஊர்களை நினைவூட்டி நம்மை எச்சரிக்கும் திருமறை, ‘அல்ஹஜ்’ அத்தியாயத்திலே இரண்டு காட்சிகளை நம் கண்முன் நிறுத்துகிறது. இறைப்பாரற்றுக் கைவிடப்பட்ட கிணறு ஒன்று. உறைவாரற்று உயர்ந்து நிற்கும் மாளிகை மற்றொன்று. அக்கிரமம் செய்த மக்கள் அழிந்தார்கள்; ஆகவே அவர்களுடைய கிணறும் மாளிகையும் வெறுமையாயின. இது நமக்கு விளங்குகிறது. ஆனால் மக்கள் அழியாமல், இருக்க இடமின்றி அலைந்துகொண்டிருக்க, மாளிகை மட்டும் வெறுமையாய் நிற்குமானால் அதற்கு என்ன பொருள் கொள்வது? அதற்கும் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் அன்றோ?

வணிகச் சகோதரர்களே! இக்கேள்விக்காக நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இஷாத் தொழுகை முடிந்து கப்பித்தான் பள்ளியை விட்டு வெளியே வாருங்கள். சூலியா வீதியின் அஞ்சடியில் மெல்ல நடந்து செல்லுங்கள். கீழே கடையில் விளக்கு எரிகிறது. பெட்டியடியில் ஆள் இருக்கிறார். வீதியின் மறுபக்கம் நின்று தலையைச் சற்று உயர்த்திப் பாருங்கள். பல கடைவீடுகளின் மாடியிலே இருட்டு. சன்னல் பலகை கழன்று தொங்குகிறது. ஓட்டு இடுக்கிலே ஆலஞ்செடி முளைத்திருக்கிறது. அந்த மாடிக்கு நேர் கீழே பகல் முழுதும் நின்று வேலை செய்த தம்பியோ, கடையடைத்தபின் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து அக்கரைக்குப் போய்ப் படுத்து, விடியுமுன் மறுபடியும் இக்கரைக்கு வருகிறார். அவர் தலைக்கு மேலேயே ஒரு வீடு இருந்தது. அது பூட்டிக் கிடந்தது.

இப்படிப் பூட்டி வைக்கச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டா? அதைத் திற என்று கேட்கச் சமூகத்துக்கு உரிமை உண்டா? இவ்விரு கேள்விகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

முதலில் இந்த இருட்டு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வோம். 1948ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை, 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்றவிடாமல் கட்டி வைத்திருந்தது. குடியிருந்தோர் தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வெள்ளி கொடுத்து இருந்தார்கள். வீட்டுக்காரருக்கோ ஓடு மாற்றக்கூட அந்த வாடகை போதவில்லை. ஆகவே அவர் ஓடு மாற்றவில்லை. 1997இல் அச்சட்டத்தை நீக்க முடிவாகி, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டு அவிழ்ந்தது. வாடகை பன்மடங்காயிற்று. கூடை முடைந்தவரும், முத்திரை செதுக்கியவரும், பாய் விற்றவரும் மூட்டை கட்டினார்கள். அதிக வாடகைக்கு ஆள் வருவார் என்று காத்திருந்த வீடுகளிலே பூட்டுத் தொங்கிற்று.

அப்பால் நடந்ததை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, துக்கமும் வருகிறது. மனிதர் போன வீடுகள் சிலவற்றிலே உழவாரக் குருவிகளைக் குடியேற்றினார்கள். அதன் கூட்டுக்குச் சந்தையிலே நல்ல விலை. சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே ஈரமும் இருட்டும் உண்டாக்கி, ஒலிபெருக்கியிலே குருவியின் குரலைப் போட்டு, வா வா என்று அழைத்தார்கள். மனிதனை அழைக்க யாருமில்லை. குருவிக்கு மட்டும் அழைப்பு. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி ஐக்கிய நாட்டுக் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றபின், பழைய நகருக்குள் இருந்த குருவிக் கூடங்களை 2013ஆம் ஆண்டு இறுதிக்குள் அப்புறப்படுத்த உத்தரவாயிற்று. குருவி போயிற்று. மனிதன் திரும்பினானா? பாரம்பரிய எல்லைக்குள் வசிப்போர் 2009ஆம் ஆண்டுக் கணக்கிலே ஏறக்குறைய 10,000 பேர். 2013ஆம் ஆண்டுக் கணக்கிலே 9,400 பேர். சுவருக்குப் புதுச் சாயம் ஏறிற்று. விடுதியும் காப்பிக் கடையும் பெருகின. குடியிருப்போர் மட்டும் குறைந்தார்கள். குடியிருப்போர் குறைந்தால் பள்ளிவாசலின் ஸுப்ஹு ஸஃப்பும் குறையும் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதை நம்மவரில் ஒரு பெரியவரிடம் போய்ச் சொன்னால் அவர் என்ன விடை சொல்லுவார் என்பது நமக்குத் தெரியும். “தம்பீ, என் வீட்டை நான் பூட்டினால் யாருக்கு என்ன நட்டம்? ஒருவனைக் குடிவைத்தால் அவன் பேரன் காலம் வரைக்கும் எழுப்ப முடியாது என்பதை நான் பட்டறிந்தவன். அதுவும் இது எங்கள் வாப்பா வாங்கிய வீடு. வாரிசு பன்னிரண்டு பேர். இங்கே நாலு பேர், ஊரிலே ஏழு பேர், சவூதியிலே ஒருவர். கையெழுத்து எப்படி வாங்குவேன்? பழுது பார்க்கலாம் என்றால் பாரம்பரியச் சட்டப்படி பழைய ஓடு, பழைய சுண்ணாம்பு, பழைய மாதிரிச் சன்னல் என்கிறார்கள். அந்தச் செலவுக்குப் புது வீடே வாங்கிவிடலாம்.”

இந்தப் பெரியவரைக் கருமி என்று ஒதுக்கிவிடுவது சுலபம்; ஆனால் அது நியாயமன்று. முதற் குறையிலே அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏழைக்கு உதவுவது ஊர் முழுவதன் கடமை. அந்தக் கடமையின் செலவை முப்பத்து நாலு வருஷம் வீட்டுக்காரர் ஒருவர் தலையிலேயே சுமத்தியது அச்சட்டம். அப்படியே, ஒரே நாளிலே கட்டை அவிழ்த்து, எளியவரை வீதிக்கு அனுப்பியதும் நியாயமன்று. இரு தரப்பிலும் காயம் இருக்கிறது. காயம் பட்டவர் கதவைப் பூட்டுவது இயற்கை. ஆனால் காயம் ஆறியபின்னும் பூட்டை எடுக்காதிருப்பது இயற்கையன்று, அது பழக்கம்.

இரண்டாவது குறையைப் பற்றி மனம் விட்டுப் பேச வேண்டும். வாரிசுப் பிரச்சினை என்று நாம் சொல்லுவதெல்லாம் கையெழுத்துப் பிரச்சினைதானா? வாப்பா மவுத்தாகி இருபது வருஷமாகியும் பாகம் பிரிக்கப்படாத வீடுகள் நம்மிடையே உண்டு. சிலவற்றிலே உண்மைக் காரணம் யாதெனில், சகோதரியின் பாகத்தை எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை என்பதே. அவர் ஊரிலே இருக்கிறார். வாய் திறந்து கேட்கமாட்டார். வீடு பூட்டிக் கிடக்கும் வரை பாகத்தைப் பற்றிப் பேச்சு எழாது; ஆகவே பூட்டு வசதியாயிருக்கிறது. அப்படியானால் அந்தப் பூட்டுக்குள்ளே இருப்பது தூசி மட்டுமன்று. இன்னொருவருடைய ஹக்கும் உள்ளே இருக்கிறது. இதைச் சொல்லக் கசக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை எழுதிப் பயனில்லை.

நிற்க, யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்கு வருவோம். கவனிப்பாரற்ற கட்டடத்தைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் மெளனமாக இல்லை. ஹனபி மதுஹபிலே, தெருப்பக்கம் சாய்ந்துவிட்ட சுவரைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. ‘சுவர் சாய்ந்திருக்கிறது, இடித்துவிடு’ என்று சொந்தக்காரருக்கு முறைப்படி அறிவித்த பிறகும், இடிப்பதற்கு அவகாசமும் சக்தியும் இருந்தும் அவர் வாளா இருந்து, அச்சுவர் விழுந்து ஒருவருக்கு உயிர்ச் சேதமோ பொருட் சேதமோ நேர்ந்தால், அதற்கு அவர் ஈடு கொடுத்தாக வேண்டும். இதைக் கூர்ந்து நோக்குங்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தார், அவ்வளவே. அறிந்த பின்னும் ஒன்றும் செய்யாமலிருப்பதே இங்கே குற்றமாகிறது. பக்கத்துச் சுவரை நனைக்கும் ஓட்டை ஓடும், கொசு பெருக்கும் தேங்கிய நீரும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும் உலர்ந்த பழைய மரமும் அந்தச் சாய்ந்த சுவரின் இனத்தைச் சேர்ந்தவையே. ஒட்டி ஒட்டிக் கட்டிய நம் கடைவீட்டு வரிசையிலே ஒரு வீட்டின் கேடு ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்து மற்றொரு சட்டமும் நினைவுக்கு வருகிறது. தரிசு நிலத்தைப் பண்படுத்துகிறேன் என்று வேலியிட்டு வளைத்தவர், மூன்று வருஷம் வரை ஒன்றும் செய்யாதிருந்தால் அவருடைய உரிமை போய்விடும். இதை எடுத்துக்கொண்டு, பத்திரம் உள்ள வீட்டைப் பறித்துவிடலாம் என்று யாரும் வாதாடக் கூடாது. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலத்துக்கு ஏற்பட்ட சட்டம். எனினும் அதன் உட்கருத்து நமக்குப் பாடமாகும். பூமி அல்லாஹ்வுடையது, நம் கையிலே அது இருப்பது பயன்படுத்துவதற்காக. வேலி போடுவது மட்டும் பயன்படுத்துவதாகாது.

இவ்வளவு சொன்னபின், சிலர் உற்சாகமடைந்து, ‘ஆகவே காலிக் கட்டடங்களையெல்லாம் சமூகம் எடுத்துக்கொள்ளட்டும்’ என்று கிளம்பக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்து மதீனாவைப் பார்க்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கே பள்ளிவாசலுக்குத் தேர்ந்த இடம் எப்படிப்பட்டது? பேரீச்சம் பழம் உலர்த்தும் களம் அது. இடிபாடுகளும், பழைய கப்றுகளும், சில ஈச்ச மரங்களும் இருந்த இடம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவருக்குச் சொந்தம். ‘சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அவர்கள் மனமுவந்து சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையாமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று ஹதீஸிலே காண்கிறோம். இடிந்த இடம், கேட்பது பள்ளிவாசலுக்கு, கொடுப்பவர் சம்மதிக்கிறார். இத்தனை இருந்தும் விலை கொடுக்கப்பட்டது.

உமர் (ரலி) அவர்கள் அந்தப் பள்ளிவாசலை விரிவாக்க விரும்பியபோது, பக்கத்திலே இருந்த அப்பாஸ் (ரலி) அவர்களுடைய வீடு வேண்டியிருந்தது. அவர்கள் தர மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅபு (ரலி) அவர்களிடம் போயிற்று. தீர்ப்பு கலீபாவுக்கு எதிராக, வீட்டுக்காரர் பக்கம் ஆயிற்று என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தீர்ப்பு தமக்குச் சாதகமான பிறகு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதே வீட்டைப் பணமேதும் பெறாமல் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டார்கள்! உரிமை உறுதியானதும் கை தாராளமாயிற்று. நம் பெரியவரிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுவே. முதலில் அவருடைய உரிமைக்கு உறுதி சொல்லுவோம். அப்புறம் மாடியைக் கேட்போம். இதை வரிசை மாற்றிச் செய்தால் பூட்டு இன்னும் இறுகும்.

சரி, திறந்தால் எதற்காகத் திறப்பது? நம் ஊரிலேயே பார்த்துக் கற்கலாம். குருத்துவாரா சாலையிலே 1947இல் கட்டப்பட்ட ‘ஹின்’ பேருந்துக் கொட்டகை, பேருந்து ஓட்டம் நின்றபின் பாழடைந்து கிடந்தது. 2014இல் அதை ஓவியக் கூடமாகத் திறந்தார்கள். பெருஞ் செலவிட்டுப் புது மாளிகை எழுப்பவில்லை. கூரை போன இடத்தைத் திறந்த முற்றமாக வைத்துக்கொண்டார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலே சிறு வியாபாரிகள் பலர் அங்கே கடை விரிக்கிறார்கள். 2004இல் மூடப்பட்ட பிராங்கின் சந்தை பல வருஷம் வேலியடைத்துக் கிடந்தது. அங்கே தோண்டியபோது பழைய கால்வாயின் கல்லணை வெளிப்பட, 2019இல் அது ‘சியா போய்’ பூங்காவாயிற்று. இப்பொழுது கிழவரும் குழந்தையும் அங்கே காற்று வாங்குகிறார்கள்.

பெரிய கட்டடங்களுக்கும் இது பொருந்தும். 1970களில் தொடங்கி 1980களில் முடிந்த 65 மாடிக் கொம்தார், தன் காலத்திலே பல பழைய கடைவீடுகளை விழுங்கி எழுந்தது. புதிய பேரங்காடிகள் வந்ததும் அதன் கடைகளும் களையிழந்தன. அதன் கோளக் கூரை மண்டபம் 2016இல் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கும் கூடமாயிற்று. அமெரிக்காவிலே ஆஸ்டின் நகரத்து ஹைலண்ட் பேரங்காடி 1971இல் திறந்து, வியாபாரம் படுத்து, 2015இல் கடைசியாக மூடப்பட்டது. அந்நகரத்துச் சமுதாயக் கல்லூரி அதை வாங்கி வகுப்பறைகளாக்கிற்று. முன்பு துணியும் சாமானும் விற்ற பெருங்கடைக் கூடத்திலே இன்று மாணவர்கள் நூற்றுக்கணக்கான கணினிகளின் முன் உட்கார்ந்து கணக்குப் பயிலுகிறார்கள். கடைக்கும் ஒரு நாள் மவுத்து உண்டு என்பதை வணிகராகிய நாம் மறக்கலாகாது. மவுத்துக்குப் பின் அந்த இடம் யாருக்குப் பயன்படும் என்பதே கேள்வி.

நம் இனத்தார் செய்த செயல் ஒன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் வீதியிலே சூலியர்கள் 1828 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் கட்டிய நாகூர் தர்கா, 1974இல் தேசிய நினைவுச் சின்னமானது. கட்டடம் பலவீனமடைந்ததால் 1990களிலே கதவடைக்கப்பட்டது. அடைத்தபடியே விட்டுவிடாமல் பழுது பார்த்து, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்துவிட்டார்கள். எந்தக் கரையிலிருந்து எந்தக் கப்பலேறி நம் முன்னோர் வந்தார்கள் என்பதை அங்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போய்த் தெரிந்துகொள்ள முடிகிறது.

விடுதியும் காப்பிக் கடையும் வந்தது தவறா என்று கேட்கலாம். தவறன்று; நாம் வணிகர்கள், வியாபாரத்தைப் பழிக்கமாட்டோம். வாடகை வந்ததால் பிழைத்த கூரைகள் பல. ஆனால் ஒரு வீதியிலே எல்லா வீடும் வந்து போவோருக்கே என்று ஆகிவிட்டால், அங்கே ஜனாஸாவைத் தூக்க நாலு பேர் கிடைக்கமாட்டார்கள். வந்து போவோருக்குக் கொடுப்பதோடு, இருந்து வாழ்வோருக்கும் ஒரு பங்கு வையுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

வக்ஃபுக் கட்டடங்களின் பொறுப்பு இன்னும் கனமானது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1801இல் கப்பித்தான் காதர் முஹையிதீன் அவர்களிடம் கொடுத்த 18 ஏக்கர் நிலத்திலே பள்ளிவாசலும் கப்ருஸ்தானும் மக்கள் குடியிருப்பும் உண்டாயின. நாம் கடை வைத்திருக்கும் வீதிகள் பலவற்றுக்கு மூல முதல் அந்தக் கொடையே. பின்னாளில் வக்ஃபுகளின் நிர்வாகம் சீர்கெட்டது என்று கூறி, ஆங்கில அரசு 1905இல் முகமதிய, இந்து அறநிலையச் சட்டம் இயற்றி ஒரு வாரியத்தின் கையிலே சாவியைக் கொடுத்தது. இன்று மாநில இஸ்லாமிய சமய மன்றமே வக்ஃபுகளுக்கு ஏக முதவல்லி. அதிலே அந்நிய அரசின் நோக்கம் எதுவாயிருப்பினும், நம் முதவல்லிகள் கணக்கைச் சுத்தமாகவும் கதவைத் திறந்தும் வைத்திருந்தால் பிறர் கை நீள இடமிருந்திராது. நம்மிலே மரைக்காயர்களில் பெரும்பாலோர் ஷாபிஈகள். இராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனபிகள். வக்ஃபை மாற்றுவதிலே ஷாபிஈ மதுஹபு மிகக் கண்டிப்பானது. ஹனபி மதுஹபோ, பயனற்றுப்போன வக்ஃபைக் காஜியின் அனுமதியோடு மாற்ற இடம் தருகிறது. இதிலே நமக்குள் வாதம் இருக்கலாம். ஆனால் வக்ஃபு சும்மா கிடந்து மக்கிப்போகட்டும் என்று எந்த மதுஹபும் சொல்லவில்லை. அதிலே வாதத்துக்கு இடமே இல்லை.

வணிகப் பெருமக்களே! நாம் கேட்பது பெரிய தியாகமன்று. உங்கள் கடைக்கு மேலே ஒரு மாடி காலியாக இருக்குமானால், சாவியைத் தேடி எடுத்து, ஒரு நாள் அந்தப் படிகளில் ஏறிப் பாருங்கள். எந்த உத்தரம் உளுத்திருக்கிறது, எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சொந்த மாடியைப் பத்து வருஷமாகப் பார்க்காதவர் நம்மிலே உண்டு. பிறகு சங்கத்திடம் சொல்லுங்கள். குடியிருப்பவர் நேரே உங்களிடம் குடியேறுவதைவிட, சங்கமே உங்களிடம் குத்தகை எடுக்கட்டும். ஐந்து வருஷமோ ஏழு வருஷமோ காலம் எழுதி, திருப்பித் தரும் தேதியையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடட்டும். பழுது பார்த்த செலவை வாடகையிலே கழித்துக்கொள்ளலாம். நகராண்மைக் கழகத்தின் அனுமதி, தீ நேர்ந்தால் தப்பும் வழி, மின்சாரக் கம்பி இவற்றையெல்லாம் முதலில் சீர்செய்ய வேண்டும்; இரக்கத்தின் பேரால் ஆபத்தான அறையிலே ஏழையைத் தங்கவைப்பது இரக்கமாகாது.

அந்த மாடியில் யார் இருக்கலாம்? உங்கள் கடைத் தம்பிகளே இருக்கலாம். மாலையிலே தமிழும் ஓதலும் கற்கும் பிள்ளைகள் இருக்கலாம். தையல் பயிலும் பெண்கள் இருக்கலாம். மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் நோயாளியை அழைத்துக்கொண்டு பினாங்கு ஆஸ்பத்திரிகளுக்கு வருவோர், கையில் இருந்ததெல்லாம் மருந்துக்கே போய்விட, இராப்பொழுதைக் கழிக்க ஓர் இடம் தேடுகிறார்கள்; அவர்கள் இருக்கலாம். நம் முன்னோரும் ஒரு காலத்திலே இந்தக் கரையிலே கப்பல் விட்டிறங்கி, யாரோ ஒருவர் கடை மாடியிலே பாய் விரித்துப் படுத்துத்தான் வியாபாரம் தொடங்கினார்கள். அன்று அந்த மாடி பூட்டியிருந்தால் இன்று நாம் முதலாளிகளாக இருந்திருக்கமாட்டோம்.

சொந்தம் என்பது மறுமையிலே கணக்குச் சொல்லவேண்டிய சொல். எவ்வளவு சேர்த்தாய் என்று மட்டுமா கேட்கப்படும்? சேர்த்ததை என்ன செய்தாய் என்றும் கேட்கப்படும். ‘பூட்டி வைத்திருந்தேன்’ என்று சொல்லுவதற்கு நம்மில் யாருக்குத் துணிவு வரும்?

சகோதரியின் பாகத்தை அவரிடமே சேர்க்கவும், இருண்ட மாடியிலே ஒரு விளக்கேற்றவும், பிறருடைய ஹக்கைக் காத்தபடியே பிறருக்குப் பயன்படவும் வல்ல நாயன் நம் யாவருக்கும் தெளபீக்குச் செய்வானாக! ஆமீன்.